நாற்பத்தெட்டுக் கட்டங்கள்

தூக்கத்துக்குக் கணக்கு எழுதுவதைவிடப் பெரிய வீண் வேலையை மனித குலம் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. பொறுப்போடுதான் சொல்கிறேன். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் இதுபற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியவன் நான்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. மாமாவுக்கு வெளியூரில் வேலை. சனிக்கிழமை வருவார், குழந்தையைக் கொஞ்சுவார், கொஞ்சிய களைப்பில் தூங்கிப்போவார். அதனால் கணக்கு டீச்சரான அம்மா பள்ளிக்கு லீவு போட்டு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். செமஸ்டர் விடுமுறையில் சும்மா கிடந்த என்னையும் இழுத்து வந்தாள். குழந்தைக்கு நான் வைத்த பெயர் மேனேஜர். நேரங்காலம் இல்லாமல் எல்லாரையும் கூப்பிடுவான். எதற்கென்று சொல்லமாட்டான். ஓடி வந்து நின்றால் தூங்கிவிடுவான்.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் நர்ஸம்மா கட்டம் போட்ட தாள்கள் தந்தார். ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டுக் கட்டம். மேல் வரிசை குழந்தைக்கு, கீழ் வரிசை தாய்க்கு. தூங்கிய மணிகளைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குப் பகல் எது, ராத்திரி எது என்று தெரியாதாம். பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். தினமும் காலையில் திரையை விலக்கித் தாய்க்கும் பிள்ளைக்கும் வெளிச்சம் காட்ட வேண்டுமாம். சூரியனை அவனுக்கு முறைப்படி அறிமுகம் செய்துவைக்க வேண்டுமா என்று கேட்டேன். நர்ஸம்மா சிரிக்காமல் தாள்களை என்னிடமே நீட்டினார்.

இரண்டு நாள் ஒழுங்காக அக்காவைக் கேட்டு நிரப்பினேன். ராத்திரி எப்போது எழுந்தாய் என்றால், எப்போது படுத்தேன் என்று திருப்பிக் கேட்டாள். மூன்றாம் நாள் எனக்கு அலுத்துவிட்டது. மீதி வாரத்தை ஒரே டீ குடிக்கும் நேரத்தில் நானாகவே நிரப்பி முடித்தேன். மேனேஜருக்கு ராத்திரி ஏழு மணி நேரம், அக்காவுக்கும் ஏழு. பார்க்கச் செங்கல் அடுக்கிய மாதிரி அம்சமாக இருந்தது.

நர்ஸம்மா தாள்களைப் பார்த்து அசந்துபோனார். "இவ்ளோ சின்னக் கொழந்த இப்படித் தூங்கி நான் பாத்ததில்ல. நீங்களும் நல்லாத் தூங்குறீங்களே" என்றார் அக்காவிடம். பக்கத்து அறையில் படுக்கும் அம்மாவுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. கட்டத்துக்குள் இருப்பதைச் சந்தேகப்படும் பழக்கமும் கிடையாது. பகலில் அவள் குழந்தையை வைத்துக்கொள்ளும் இரண்டு மணி நேரம்தான் அக்காவின் முழுத் தூக்கமே. பகலில் இனி நான் எதற்கு என்று அம்மா திங்கட்கிழமை பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள்.

அக்கா மட்டும் தாளை வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்ளோ தூங்கியும் தல சுத்துதுன்னா, எனக்குத்தான் தெம்பு பத்தலபோல."

எல்லா வகுப்பிலும் அனுமதியில்லாமல் வாய் திறக்கும் நான், காலி டீ டம்ளரைக் கழுவ எழுந்து போனேன்.

புதன்கிழமை மத்தியானம் தீய்ந்த வாடை வந்து சமையலறைக்கு ஓடினேன். அடுப்பில் பாத்திரம் வற்றி அடி கறுத்திருந்தது. தரையில், சுவரில் சாய்ந்தபடி அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். மேனேஜர் மடியிலிருந்து பாதி சரிந்திருந்தான். அடுப்பை அணைத்துவிட்டு அவனை வாரித் தூக்கினேன்.

அக்கா திடுக்கிட்டு விழித்தாள். முதலில் பிள்ளையைப் பார்த்தாள், பிறகு என்னை. "அம்மாகிட்ட சொல்லாதடா. ராத்திரி பூரா தூங்கிட்டு, பகல்லயும் தூங்குறேன்னு நெனப்பாங்க."

"அக்கா, அந்தத் தாள்ல இருக்கறதெல்லாம் நானா போட்டது."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"அப்ப நெஜமாவே நான் தூங்கலயா?"

"இல்லக்கா."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அறைந்திருந்தால் தேவலை.

சாயங்காலம் நர்ஸம்மாவுக்கு நானே போன் செய்தேன். வேறு தாள் எடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். பள்ளியிலிருந்து திரும்பிய அம்மாவிடமும் சொன்னேன்; அவள் அப்படி விடவில்லை. அவள் சொன்னதில் என் பெயர் ஒன்றுதான் அச்சில் வரக்கூடியது. ராத்திரியே மறுபடி லீவுக் கடிதம் எழுதினாள்.

மறுநாள் காலை திரையை விலக்கினேன். தோளில் கிடந்த மேனேஜர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான். அதோ சூரியன் என்று காட்டினேன். அம்மாவின் அறையில் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு தூங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு கையால் தாளை ஜன்னலோரம் வைத்து, கீழ் வரிசையில் ஒரே ஒரு கட்டத்தை, கோடு தாண்டாமல் கறுப்பாக்கினேன்.