வெளிச்சத்துக்கு எட்டு மதிப்பெண்

"அந்தக் கட்டடத்துக்கு மறுமதிப்பீடு வேணும் சார்."

வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே. கேட்டுவிட்டேன்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாஸான பிள்ளையைத் திரும்பப் பரீட்சைக்கு உக்கார வைக்கணுமாம்." பக்கத்து மேஜையில் வரைபடக்காரர் சிரித்தார்.

புதுக் கட்டடங்களின் வடிவமைப்பைப் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று போடுவதுதான் எங்கள் வேலை. ஐம்பது வாங்கினால் அனுமதி. அந்த ஐந்து மாடிக் குடியிருப்பு முதலில் நாற்பத்தாறுதான் வாங்கியது. உள்பக்க வீடுகளின் சமையலறைக்கு ஜன்னலே இல்லை. நான்தான் மெனக்கெட்டு வழி சொன்னேன்: நடுவில் மேலிருந்து கீழ்வரை திறந்தவெளி விடுங்கள், ஜன்னல்கள் அதைப் பார்க்கட்டும். பில்டர் அப்படியே வரைந்து கொண்டுவந்தார். வெளிச்சத்துக்கு எட்டு கூட்டினேன். கட்டடம் தேறியது.

அக்காவை அங்கே குடிபோகச் சொன்னதும் நான்தான். "நான் பார்த்த கட்டடம், தைரியமாப் போ" என்றேன்.

நேற்றுப் போனேன். பகல் பதினொரு மணிக்கு அக்கா விளக்கைப் போட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலைத் திறந்தேன். இருட்டும் சமையல் புகையும் முகத்தில் அடித்தன.

"மூடுடி. ஊர் வீட்டுப் புகையெல்லாம் நம்ம வீட்டுக்குத்தான் விருந்தாளி."

மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தேன். திறந்தவெளியின் வாயைக் கான்கிரீட்டால் மூடி, மேலே தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். அக்கா மகள் மூன்று மாதமாக இருமுகிறாள். அக்கா என்னைத் திட்டவே இல்லை. "படிச்சவ நீ, தெரியாமலா சொல்லியிருப்பே" என்றாள். அதற்குச் செருப்பால் அடித்திருக்கலாம்.

"வரைபடத்துல திறந்திருக்கு சார். கட்டினதுல மூடியிருக்கு" என்றேன் தலைவரிடம்.

"நாம வரைபடத்துக்குத்தானே மார்க் போடறோம்? கட்டினதைப் பார்க்கிறது நம்ம வேலையா?"

"அப்ப யார் வேலை?"

"ஏம்மா, எட்டு போட்டது யார் கையெழுத்து? தோண்டினா முதல்ல நீதான் மாட்டுவே."

"மாட்டிக்கறேன் சார்."

"உங்க குடும்பத்துல முதல்ல டிகிரி வாங்கினவ நீ. கெடுத்துக்காதே." அக்கறையாகத்தான் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை. பிறகு புதுக் கோப்பு ஒன்றைத் தள்ளினார். "இதைச் சாயங்காலத்துக்குள்ள முடி."

அதே பில்டர். இந்த முறை ஏழு மாடி. பக்கத்தைப் புரட்டினேன். நான் சொல்லிக்கொடுத்த திறந்தவெளி, கோடு பிசகாமல் நடுவில் இருந்தது. எட்டு வாங்குவது எப்படி என்று இப்போது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஏழு மாடி, மாடிக்கு நாலு சமையலறை.

வெளிச்சத்துக்கு நேராகப் பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பையை எடுத்தேன்.

"என்னம்மா, அரைநாள் லீவா?" என்றார் தலைவர்.

"இனிமே வரமாட்டேன் சார்."

அக்காவுக்கு வேறு வீடு பார்த்துவிடலாம். அவள் காலி செய்த வீட்டுக்கு அடுத்த வாரமே யாரோ பாலைக் காய்ச்சிக் குடிவருவார்கள்.

"அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சிட்டு நீங்க எட்டு போட்டுடுங்க" என்று தலைவர் வரைபடக்காரரிடம் சொல்வது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. படியிறங்கினேன்.