தட்டில் போன கட்டில்

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் என் கடைக்குத்தான் தெரியும். ரேணுகாம்பாளுக்கு மூக்கு நீளம் என்று பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் கண்ணை மூடிக்கொண்டா காகிதத்தைத் திருப்பி வைக்க முடியும்? ஜாதகம், பட்டா, ஸ்கேன் ரிப்போர்ட், வக்கீல் நோட்டீஸ் எல்லாமே என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குள் போகும்.

எதிர்வீட்டு நெசவுக்காரர் கலியாணசுந்தரத்தின் மூத்த மகள் மஹாலட்சுமிக்குக் கனடா மாப்பிள்ளை அமைந்ததையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளை பெயர் குமரன். பூர்வீகம் இங்கேயே பிள்ளையார்பாளையம். அம்மா இல்லை, அப்பா மகனோடு கனடாவில் இருக்கிறார். இங்கே பேச்சுவார்த்தை எல்லாம் அக்கா கமலாட்சிதான். பெண் பார்க்க வந்த அன்றே அந்த அம்மாள், "நகை நட்டெல்லாம் எங்களுக்குப் பெருசு இல்லீங்க. பொண்ணு பிசியோதெரபி படிச்சிருக்குதே, அது போதும்" என்றாராம். தெருவே மெச்சியது. நானும் சேர்ந்துதான் மெச்சினேன்.

விசாவுக்காகப் போன வருஷம் தையிலேயே ரிஜிஸ்டர் கல்யாணம் முடிந்துவிட்டது. சர்டிபிகேட்டை எட்டு காப்பி எடுத்துக் கொடுத்தவள் நான். விசா வருவதற்குள் ஒன்றரை வருஷம் ஓடியது. வந்ததும் மஹாலட்சுமி கிளினிக் வேலையை விட்டாள். ஊரறியத் தாலி கட்டுவது ஆவணியில். அதற்கு ஒரு வாரம் முன்னால் சீர் எடுக்க நாள் குறித்தார்கள்.

கட்டில் மெத்தை இல்லாமல் சீர் உண்டா? குடித்தனமோ டொரொன்டோ பக்கத்தில். கட்டிலைக் கப்பலிலா ஏற்ற முடியும்? "அங்கியே ஆன்லைன்ல வாங்கிடலாம், நான் பாத்து போடறேன்" என்று கமலாட்சியே பொறுப்பை எடுத்துக்கொண்டார். பணத்தைக் கலியாணசுந்தரம் கட்ட, வாங்கியாயிற்று. ஆனால் தெரு பார்க்காத சீர் என்ன சீர்? கலியாணசுந்தரத்துக்கு ஒரு யோசனை உதித்தது. கட்டில் படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துப் பழத்தட்டு, பூத்தட்டோடு அதையும் ஒரு தட்டாகக் கொண்டுபோவது!

சீர் அன்று மத்தியானம் கடைக்கு வந்தார். கமலாட்சி அனுப்பிய ஆர்டரை அப்படியே என் போனுக்குத் தள்ளிவிட்டார்.

"ரேணுகாம்மா, மாடியில நின்னு பாத்தாலும் தெரியணும். அவ்ளோ பெருசா போடு."

திரையில் திறந்து பார்த்தேன். முதல் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தலைப்பக்கம் தூக்கி இறக்க ரிமோட். இரண்டாவது ஓர் ஆள் படுக்கிற கட்டில். மூன்றாவதும் ஓர் ஆளுக்குத்தான், மடக்கி வைக்கிற மாதிரி. கூடவே மெத்தைமேல் விரிக்க ரப்பர் விரிப்பு, அரை டஜன்.

"ஏங்க, கட்டிலுக்குக் கம்பி வெச்சிருக்குதே?"

"பொரண்டு கீழ விழாம இருக்கறதுக்குமா. குளிர் தேசமில்ல? நாலு போர்வை போத்திக்கினு உருளுவாங்க."

"ரப்பர் விரிப்பு?"

"தண்ணி ஊத்துனாலும் மெத்தையில எறங்காதாம். ஃபாரின் சரக்குன்னா சும்மாவா!"

கொய்யாப்பழமா ஆப்பிளா என்று யாரோ போனில் கேட்கவும் அவர் பழக்கடைக்கு ஓடிவிட்டார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்கப்போவது மூன்று பேர். கட்டில் மூன்று. மூன்றும் ஒற்றை. புதுசாகக் கல்யாணமானவர்கள் படுக்க எது?

எனக்கு இருப்புக் கொள்ளுமா? "ஸ்பெல்லிங் பாக்கணும், வா" என்று மஹாலட்சுமிக்குப் போன் போட்டேன். தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்தாள். படத்தைப் பார்த்த ஒரு நொடியே அவளுக்குப் போதும். தினமும் இதே கம்பியை இறக்கிவிட்டு நோயாளியின் காலைத் தூக்கி மடக்கியவள் அல்லவா?

"அக்கா, இது பேஷன்ட் கட்டில்."

"அதான் கூப்ட்டேன். யாருக்கும்மா?"

அவள் குமரனைப் போனில் கூப்பிட்டாள். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். பேச என் கடையை விட்டால் இடமில்லை. நான் ஏதோ வேலை இருப்பதுபோல மெஷினின் காகிதத் தட்டை மூன்று முறை கழற்றி மாட்டினேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அங்கே விடிகாலை, நைட் ஷிஃப்டின் இடைவேளை; அவன் ஊருக்குக் கிளம்ப இன்னும் மூன்று நாள் இருந்தது.

"உங்க அப்பா நடக்கறாரா?"

"அக்கா சொல்லலையா? சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"நீங்க சொல்லலாமில்ல?"

"ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷம் ஆவுது மஹா. பிளைட்ல ஏத்தக் கூடாதுன்னுட்டாங்க. இதச் சொன்னா யாரு பொண்ணு குடுப்பாங்க, சொல்லு?"

"பக்கத்துல இருக்கற சின்னக் கட்டில் யாருக்கு?"

"உனக்குதான். நைட்ல ரெண்டு வாட்டி திருப்பிப் படுக்க வைக்கணும். நான் நைட் ஷிஃப்ட். காலைல வந்து அந்த மடக்குக் கட்டில்ல படுத்துக்குவேன். கொஞ்ச நாளைக்குதான்."

"எவ்ளோ நாளு?"

"அது டாக்டரே சொல்லலையேம்மா."

ரூம் எத்தனை அடி என்று கேட்டாள். பத்துக்குப் பதினொன்று, வீட்டில் அது ஒன்றுதான் ரூம் என்றான். போனை வைத்துவிட்டு, என் மேஜையிலிருந்து பழைய காகிதம் ஒன்றை எடுத்து ஸ்கேலால் கட்டம் போட்டாள். கம்பிக் கட்டில், சின்னக் கட்டில், மடக்குக் கட்டில், நடுவில் நடக்க ஓர் அடி. கதவை எங்கே வரைந்தாலும் பாதிக்கு மேல் திறக்கவில்லை. அழித்து அழித்து வரைந்தாள். எனக்கே மூச்சு முட்டியது.

அதற்குள் கலியாணசுந்தரம் திரும்பிவிட்டார். "ஆச்சாம்மா? நாலரைக்குத் தட்டு தூக்கணும்."

மகள் படத்தைக் காட்டி இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். மனிதர் என் ஸ்டூலில் உட்கார்ந்தார். பழம் வாங்கிய பையைக் காலடியில் வைத்தார்.

"நிறுத்திடலாமாப்பா?" என்றாள்.

"நிறுத்தறதுக்கு இன்னாம்மா இருக்குது? சட்டப்படி ஒண்ணரை வருஷமா நீ அவன் பொண்டாட்டி. இப்போ வேணாம்னா கோர்ட்டுக்குப் போவணும். உன் தங்கச்சிக்கு வேற கேட்டுக்கினு இருக்காங்க." குரல் தேய்ந்தது. "அவரும் பாவம், படுத்துக் கெடக்கறவரு. உனக்குத் தெரிஞ்ச வேலதானே..."

"தெரிஞ்ச வேலதான். கிளினிக்ல ஆறு மணிக்கு வீட்டுக்கு விட்டுடுவாங்கப்பா."

வெளியே மேளக்காரர்கள் வந்து எதிர்வீட்டு வாசலில் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். உடனே கலியாணசுந்தரம் எழுந்தார். கஷ்டத்திலும் சிலருக்கு மூளை வேலை செய்யும்.

"ரேணுகாம்மா, இந்தப் படத்தப் பாத்தா தெரு சிரிக்கும். கூகுள்ல நல்லதா ஒரு டபுள் கட்டில் எடுத்துப் போட்டுடேன்."

நான் மஹாலட்சுமியைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மவுஸைக் கையில் எடுத்தாள். ஒவ்வொரு கட்டிலாகத் தள்ளிப் பார்த்தாள். கடையில் போய்த் தேர்ந்தெடுப்பதுபோல அவ்வளவு பொறுமை. பூவேலை செய்த தலைப்பலகை, வெள்ளை மெத்தை, நான்கு தலையணை வைத்த ஒன்றில் நின்றாள்.

"இது போடுங்கக்கா. பெருசா போடுங்க."

போட்டேன்.

சீர் கிளம்பும்போது அவள் வாசல் வரைக்கும்கூட வரவில்லை. கட்டில் தட்டை என் கையில் கொடுத்தார்கள். வழியெல்லாம் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "யப்பா, மைதானம் மாதிரி இருக்குதே!" என்றாள் ஒருத்தி. "கிங் சைஸ்" என்றேன். வாயை மூட முடியாதவள் என்று பெயர் எடுத்தவள் அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் கமலாட்சி ஆரத்தியோடு நின்றிருந்தார். ஒவ்வொரு தட்டாக வாங்கினார். என் தட்டு வந்ததும் கை நின்றது. தான் வாங்காத கட்டிலை நன்றாகப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். குங்குமத்தைத் தொட்டுப் படத்தின் நான்கு மூலையிலும் வைத்தார்.

"ரொம்ப அழகா இருக்குது. உள்ள எடுத்துக்கினு போய் வைங்க."

திரும்பும்போது தட்டு தூக்கியவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு ரவிக்கைத் துணி கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. வாங்கிக்கொண்டேன்.