தாரணி இல்லாமல் மலையிறங்கிய தோட்டம்

மலைமேல் எடப்புளி நாட்டில் மருதாசலம், மாராயி இருவரின் வீட்டுத் தோட்டம் ஒவ்வொரு வருடமும் கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமை காலையில் மலையை விட்டு இறங்கிவிடும். மார்கழியும் தையும் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் இருந்துவிட்டு, மாசி பிறந்ததும் ஏறி வரும். மலைப்பனி அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு வருடம் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி சோம்பல்பட்டு தன் தோட்டத்தை அனுப்பாமல் விட்டாள். ஒரே விடியலில் அத்தனையும் கருகிப்போய், அந்த இடத்தில் அதன்பிறகு தொட்டாற்சுருங்கி மட்டுமே முளைத்தது. தோட்டம் கொண்டை ஊசி வளைவுகள் வழியாகப் போவதில்லை. லாரி ஹாரன் கேட்டால் மிளகாய்ச்செடி பூவை உதிர்த்துவிடும் என்பதால் பழைய ஒற்றையடிப் பாதைதான். கீழே அப்பாசாமி என்ற விவசாயி தன் கிணற்றடியில் பத்து சென்ட் இடத்தை அதற்காகச் சும்மா போட்டிருந்தார். காயைப் பறித்துக்கொள்வார், விதைக்கு முற்றியதைத் தொடமாட்டார்.

அனுப்புவதற்கு மூன்று வாரம் வேலை இருக்கும். பூசணிக்காய்களை முன்கூட்டியே அறுத்துவிட வேண்டும். அந்தக் கனத்தோடு கொடியால் இறங்க முடியாது. வேர்களைச் சுற்றி மண்ணை இளக்கி, பிடிமண்ணோடு வாழைப்பட்டையில் கட்ட வேண்டும். சின்ன மிளகாய்ச்செடிகள் வழியில் தங்கிவிடாமல் நாரால் பெரியவற்றோடு பிணைக்க வேண்டும். பலாமரம் போகாது, அது வீட்டோடு இருந்துகொள்ளும். எல்லாம் கிளம்பிய பிறகு வெறும் நிலத்தின்மேல் சாமைத்தாளை முழங்கால் உயரத்துக்குப் பரப்பி மூடுவது மருதாசலத்தின் வேலை. மண் குளிரில் விறைத்துவிட்டால் மாசியில் திரும்பி வரும் செடிகள் அதில் கால் வைக்காது.

முன்னால் நடந்து கூட்டிப்போவது அவர்கள் மகள் தாரணி. எட்டு வயதில் ஒருநாள் ஆடு தேடிப் போனவள் திரும்பிப் பார்த்தபோது கத்தரிச்செடிகள் வரிசையாகப் பின்னால் வந்துகொண்டிருந்தன. அதிலிருந்து பதினோரு வருடம் அவள்தான். இந்த வருடம் ஆடி மாதம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போன் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். பொங்கல் வரை லீவு கிடையாது.

வெள்ளிக்கிழமை மாராயி குளித்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒரு செடியும் அசையவில்லை. மருதாசலம் நடந்து பார்த்தார். அவரைக்கொடி பந்தலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“உங்க மூஞ்சியப் பாத்துட்டு எதுங்க எந்திரிச்சு வரும்?” என்றாள் மாராயி.

“உனக்கு மட்டும் ஓடி வந்துருச்சாக்கும்.”

சனிக்கிழமையும் அப்படியே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பலா இலையின் ஓரம் வெளுத்திருந்தது. இன்னும் ஒரு நாள்தான் என்று இருவருக்கும் தெரிந்தது. மருதாசலம் மகளுக்குப் போன் போட்டார். அவள் ஷிப்டில் இருந்தாள். இடைவேளையில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். மாராயி அந்தப் போனைக் கூடைக்குள் வைத்து, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

“கத்தரிக்கண்ணு, வா சாமி. அவரை, நீ பந்தல உடு, அது எங்கயும் போயிராது. வழுக்குப்பாறை வரும், ஒருத்தர ஒருத்தர் புடிச்சுக்கங்க. மஞ்சள் எங்க? கடைசியா வருதா? வரட்டும், அவசரமில்ல.”

தோட்டம் எழுந்து வந்தது. மெசேஜ் முடிய முடிய மாராயி போனைத் தொட்டு அதையே மறுபடி பேசவிட்டுக்கொண்டே பாதி மலை இறங்கிவிட்டாள். ஓடையைத் தாண்டும்போது இரண்டு கையாலும் கூடையைப் பிடிக்க வேண்டியிருந்ததால் தொடவில்லை. அதற்கு அடுத்து வந்திருந்த மெசேஜ் தானாகப் பேசத் தொடங்கியது.

“அப்பா, இது உங்களுக்கு மட்டும். அம்மாகிட்ட சொல்லிராதீங்க. எனக்கு இங்க சோறே எறங்க மாட்டேங்குது. ரூம்ல ஆறு பேரு. சன்னலத் தொறந்தா செவுருதான் தெரியுது. பொங்கல் வரைக்கும் எப்படியாச்சும் இருந்துக்கறேன். நீங்க தோட்டத்த மட்டும் பனிக்கு முன்னால எறக்கிருங்க.”

தோட்டம் ஓடைக்கரையிலேயே நின்றுவிட்டது. மாராயி ஒரு பாறையில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, மிளகாய்ச்செடிகளின் நார் அவிழ்ந்திருந்ததை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினாள். மகள் இருக்கும் ஊர் அளவுக்குத் தூரம் போன தோட்டம் எதுவும் திரும்பி வந்ததாக அந்த நாட்டில் யாரும் சொன்னதில்லை. அது அவளுக்கும் தெரியும். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

“கேட்டீங்கல்ல? அவகிட்டப் போக எனக்கு வழி தெரியாது சாமிகளா. கேட்டுக் கேட்டுப் போங்க.”

காளப்பநாயக்கன்பட்டியில் வாய்க்காலைத் திருப்பிவிட்டுக் காத்திருந்த அப்பாசாமி, தோட்டம் ஒரு டீ குடிக்கும் நேரம் நின்று தண்ணீர் உறிஞ்சிவிட்டு ராசிபுரம் ரோட்டில் போனதைப் பார்த்தார். “இந்த வருசம் நமக்கு அவரைக்காய் இல்லியாட்ட” என்று வீட்டில் சொன்னார். சுங்கச்சாவடிகளில் அது வண்டியா ஆளா என்று விளங்காமல் ஓரமாகப் போகவிட்டார்கள். ஒரு செடியும் வழி தவறவில்லை. பதினோராம் நாள் அது ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலின் மூன்று மாடிப் படிகளையும் ஏறி, மொட்டை மாடியில் துணி காயும் கயிற்றுக்குக் கீழே அமர்ந்தது.

ஷிப்ட் முடிந்து வந்த தாரணியை அறைத்தோழி கவிதா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “உங்க ஊர்லேர்ந்து ஆளுங்க வந்திருக்காங்க. மாடில நிக்கிறாங்க, போய்ப் பாரு.” தாரணி மேலே போய், ஒவ்வொன்றின் வேரையும் தொட்டுப் பார்த்து, வாடிய இலைகளைக் கிள்ளிப் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கினாள். வார்டனம்மா விருந்தாளிகள் மூன்று நாளுக்குமேல் தங்கக் கூடாது என்று சொல்ல மாடிக்கு வந்தவர், சாம்பாருக்கு நாலு கத்தரிக்காய் பறித்துக்கொண்டு இறங்கினார். அன்று தாரணி சோற்றை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள்.

மாசி நாலாம் தேதி தோட்டம் மலையேறி வந்தது. கொஞ்சம் இளைத்து, புகை படிந்திருந்தது. மாராயி ஒவ்வொன்றாக இடம் பார்த்து நட்டுக்கொண்டே எண்ணினாள். ஓர் அவரைக்கொடி குறைந்தது.

“வழியில எங்காச்சும் தங்கிருச்சா?” என்றார் மருதாசலம்.

“அவகூட இருக்குதுங்க. இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, மாராயி அடுத்த செடியைக் கையில் எடுத்தாள்.