ஆள் இருக்கும் வீட்டின் விலை

வீட்டை விற்கப்போவதாகக் கதால்தோ சொன்னது 2006 ஏப்ரலில். வாடகை வாங்க வந்தவர் வாசலில் நின்றபடியே சொன்னார். ஒன்பது வருடம் குடியிருந்தவர்கள் என்பதால் முதலில் அவர்களிடமே கேட்பதாகவும் சொன்னார். நாகபூசணி கணவன் ஆனந்தராசாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நாங்கள் வாங்குகிறோம்" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டாள். கதால்தோ ஒரு விலை சொன்னார். ஆனந்தராசாவின் கையைக் குலுக்கினார். எழுத்தில் ஒன்றும் இல்லை.

வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு கூடம். குளியலறைச் சுவரில் ஈரக்கறை. அழகான வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் வேலை செய்யும் வீடுகளுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தே போகலாம். இது கைவிட்டுப் போனால் நகரத்தின் ஓரத்திலுள்ள பிரான்காச்சோதான். அங்கிருந்து விடியற்காலை வேலைக்குப் பஸ்ஸை நம்பி வரவேண்டும். பலெர்மோவில் பஸ்ஸை நம்புகிறவனுக்கு வேலை நிலைக்காது.

வங்கி கடன் தரச் சம்மதித்தது, ஆனால் வீட்டின் பெறுமதியைப் பார்த்த பிறகுதான். அதைப் பார்த்து எழுத ஒரு பெரீத்தோ, அதாவது மதிப்பீட்டாளன், வியாழன் பின்னேரம் வருவான் என்றார்கள்.

வியாழன் பின்னேரம் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு ஓய்வு. வினை அங்கேதான் தொடங்கியது. செய்தி கேட்டதும் விமலராணி, சறோஜா, இன்னும் ஐந்து பெண்கள் வாளியும் துணியுமாக வந்துவிட்டார்கள். ஊரிலுள்ள சிஞ்ஞோராக்களின் வீடுகளையெல்லாம் மினுக்கிற கைகள் அவை.

"சிஞ்ஞோரா வீட்டிலை இப்பிடி உரஞ்சியிருந்தால் உனக்கு எப்பவோ சம்பளம் கூட்டியிருப்பா" என்றாள் விமலராணி.

"அவ வீட்டையே கூட்டமாட்டா. சம்பளத்தைக் கூட்டுவாவே?" என்றாள் சறோஜா.

வேலை முடிந்தும் ஒருத்தியும் போகவில்லை. வாற மனுசனுக்கு ஒரு தேத்தண்ணி, ரெண்டு ரோல்ஸ் குடுக்காமல் அனுப்பிறதோ என்று குசினிக்குள் நின்றுவிட்டார்கள்.

பெரீத்தோ இளைஞன். கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். வாசலுக்கு வெளியே கழற்றிக் கிடந்த செருப்புகளையும் சப்பாத்துகளையும் கண்டு படியிலேயே நின்றான். பிறகு அவற்றைத் தாண்டி உள்ளே வந்தான்.

"இங்கே எத்தனை பேர் தூங்குகிறீர்கள்?"

"நாலு பேர்" என்றாள் நாகபூசணி.

அவன் குசினிப் பக்கம் பார்த்தான். ஏழு பெண்களும் ஒருசேரச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கூடத்தை அளந்தான், ஒரு அறையை அளந்தான். மற்ற அறைக்குள் தலையை மட்டும் நீட்டினான். ரோல்ஸ் வேண்டாம் என்றான்.

அவன் எழுதியதை வங்கியில் ஒரு பெண் வாசித்துக் காட்டினாள். வெளிநாட்டவர் பலர் நெருக்கமாகத் தங்கியிருக்கிறார்கள். ஈரம் உண்டு. பராமரிப்பு மோசம். அவன் போட்ட பெறுமதிக்குக் கிடைக்கும் கடன், கதால்தோ கேட்ட விலையில் பாதிக்கும் காணாது.

"ஏழு பொம்பிளையள் உரஞ்சின வீடு மோசமாம்" என்றான் ஆனந்தராசா, வெளியே வந்ததும். "ஒருத்தரும் உரஞ்சாமல் விட்டிருந்தால் நல்லது எண்டு எழுதியிருப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போய் அந்தப் பெண்ணிடம், இது பொய், திருத்துங்கள் என்றாள். முறைப்பாடு கொடுக்கலாம், மாதக்கணக்காகும் என்றாள் அந்தப் பெண். அவசரமென்றால் உங்கள் செலவில் இன்னொருவரை அனுப்பலாம். கதால்தோ மாதக்கணக்காகக் காத்திருக்கமாட்டார்.

வழி சொன்னது சிஞ்ஞோரா நூன்சியா. நாகபூசணி செவ்வாயும் வெள்ளியும் வேலை செய்யும் வீட்டுக்காரி, ஓய்வுபெற்ற ஆசிரியை. கெட்டவள் இல்லை. "நீங்கள் எல்லோரும் வெளியே போய்விடுங்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றாள், மழைக்குக் குடை கொடுப்பதைப் போல.

இரண்டாவது பெரீத்தோ வருகிற அன்று காலையில் சாமிப் படங்களைக் கழற்றி, துணியில் சுற்றி, கட்டிலுக்குக் கீழே தள்ளினார்கள். குடும்பப் படங்களும் போயின. மிளகாய்த்தூள் போத்தல்கூட அலுமாரிக்குள் போயிற்று. சின்னவள் சிவானுஜா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, மா பெர்கே, ஏன் முருகன் கட்டிலுக்குக் கீழை?"

"அவருக்குக் களைப்பு. சப்பாத்தைப் போடு."

வியா மக்வேதா வீதியில் மேலும் கீழுமாக நடந்தார்கள். சொந்த வீட்டுக்குப் போகக்கூடாத இரண்டு மணித்தியாலம். திரும்பி வந்தபோது நூன்சியா உற்சாகமாக இருந்தாள். வந்தவன் கோப்பி குடித்தானாம். கூரையின் உயரத்தைப் பார்த்து வியந்தானாம். ஈரக்கறையா? பழைய கட்டடங்களில் அது சகஜமாம். நீங்கள் யார் என்று அவளை அவன் கேட்கவேயில்லை.

இந்த முறை பெறுமதி முதல் போட்டதைப்போல இரண்டு மடங்கு. கதால்தோ கேட்ட விலையையும் தாண்டிவிட்டது. கடன் கிடைக்கும். ஆனந்தராசா விசிலடித்தான். நாகபூசணி படங்களைத் திரும்ப மாட்டிக்கொண்டே யோசித்தாள். சுவர் அதே சுவர், கறை அதே கறை. வீட்டிலிருந்து எடுத்தது தங்களை மட்டும்தான். அப்படியென்றால் இரண்டு தொகைக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் வீட்டின் விலை இல்லை. அது தங்களுடைய விலை, கழித்தல் குறியோடு.

அடுத்த கிழமை கதால்தோ மூச்சு வாங்க மேலே வந்தார். வங்கியில் யாரோ அவருக்குத் தொகையைச் சொல்லியிருக்கிறார்கள்.

"வங்கியே இவ்வளவு பெறும் என்கிறது. நான் ஏன் குறைத்துக் கொடுக்கவேண்டும்?" என்றார். ஒன்பது வருடமும் அவளுக்கு அவர் 'நீங்கள்', அவருக்கு அவள் 'நீ'. "உனக்கு முடியாவிட்டால் வாங்க ஆள் இருக்கிறது."

"கை குலுக்கினீர்கள்."

"விலை தெரியாமல் குலுக்கினேன்."

ஆனந்தராசா வேலைக்குப் போயிருந்தான். அவள் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"சரி, மற்றவருக்கு விற்கலாம்" என்றாள். "அவரும் வங்கிக்குத்தான் போவார். வங்கி ஆள் அனுப்பும். எங்கள் வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஆள் வருகிற அன்று நாங்கள் வீட்டில் இருப்போம். என் சொந்தக்காரர்களும் இருப்பார்கள். முதல் ஆள் என்ன போட்டான் என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள்."

கதால்தோ அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மிரட்டுகிறாயா?"

"வீட்டில் இருப்போம் என்றுதான் சொன்னேன். அது மிரட்டலா?"

அவர் ஈரக்கறை இருக்கும் பக்கமாகக் கொஞ்சநேரம் பார்த்தார். அவர் வியாபாரி. இரண்டு தொகையையும் மனதுக்குள் நிறுத்துப் பார்த்திருப்பார். "பழைய விலை. ஆனால் இந்த மாதமே எழுதவேண்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவள் கதவைச் சாத்தினாள். வீடு கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று நின்று பார்த்தாள். வந்தது வேறு. அந்தப் பெரீத்தோ தங்களைப் பற்றி எழுதிய பொய்யைத் திருத்தச் சொல்லி வங்கியில் நின்றவளும் அவள்தான். இன்று அதே பொய்யை எடுத்து வீசியவளும் அவள்தான். அவன் ஒருமுறை எழுதினான். அவள் அதை வைத்துப் பேரம் பேசினாள். இன்னொருமுறை தேவைப்பட்டாலும் பேசுவாள். அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

பின்னேரம் விமலராணி போன் எடுத்தாள். செய்தி எப்படியோ போய்விட்டிருந்தது.

"எடி, வீடு சரிவந்திட்டுதாமே! அந்தக் கிழவன் எப்பிடி மசிஞ்சவன்? என்னடி சொன்னனி?"

நாகபூசணிக்கு அன்று குசினியில் சிரித்துக்கொண்டு நின்ற விமலராணியின் முகம் நினைவுக்கு வந்தது.

"கெஞ்சினன்" என்றாள்.