எல்லோருக்கும் ஒரே ஐயா

"அம்மா, இந்த வீரன் ராஜாவையும் ஐயான்னு கூப்பிடறான், திருடனையும் ஐயான்னு கூப்பிடறான். அப்போ ரெண்டு பேர்ல யாரு பெரியவங்க?"

மகள் சின்னவளாக இருந்தபோது, பதிப்பகத்து வாசலில் காவலாளியின் நாற்காலியில் காலாட்டியபடி கேட்ட கேள்வி அது. பள்ளி விட்டதும் அவளை வேறெங்கும் விட வழியில்லாத காலம். அம்மா மாடியில் வேலை முடித்து வரும்வரை, காவலாளி தன் ஒரே நாற்காலியைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நிற்பார். அம்மாவோ இறங்கி வரும் அவசரத்தில், "கதவைத் திறப்பா" என்று சொல்லி மகளை இழுத்துக்கொண்டு ஓடிவிடுவாள்.

மகளுக்குப் படித்துக் காட்டிய அந்தப் பழைய வீரக் கதையை அம்மா மொழிபெயர்த்து முடித்தபோது மகள் அவள் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். கதை முழுக்க வீரன் யாரை அழைத்தாலும் ஒரே சொல்தான். அரசன், எதிரி, பிச்சைக்காரன், லாயம் கூட்டுகிறவன், எல்லோரும் அவனுக்கு 'ஐயா'. மூலத்தில் அப்படி. அவள் தமிழிலும் அப்படியே வைத்தாள்.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏம்மா, வேற வார்த்தையே கிடைக்கலையா? ராஜாவுக்கு 'அரசே' போடுங்க. திருடனுக்கு 'அடேய்'. பிச்சைக்காரனுக்கு 'ஏய் கிழவா'. அப்பத்தான் ஆளுக்கு ஏத்த மாதிரி இருக்கும்." நடுவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "டேய், அந்த வண்டியத் தள்ளி நிறுத்தச் சொல்லுடா!" என்று காவலாளியிடம் கத்தினார். திரும்பி உட்கார்ந்து, "மாத்தலைன்னா புத்தகம் வராது" என்றார்.

"மாத்த மாட்டேன் சார்."

"நீங்க மாத்த வேண்டாம். நானே மாத்திக்கறேன்."

சொன்னபடியே செய்தார். பக்கம் அமைக்கும் பையனிடம் சொல்லி, ஆள் பார்த்து ஆள் பார்த்து எல்லா ஐயாவையும் களையெடுத்தார். மறுநாள் பிழை திருத்தும் வேலை. அங்கே வழக்கம், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கையெழுத்துப் படியோடு ஒத்துப் பார்ப்பது. எல்லோரும் 'அக்கா' என்று கூப்பிடும் பிழைதிருத்துபவர் படித்தார். மொழிபெயர்த்தவள் ஒத்துப் பார்த்தாள். எதிரே முதலாளியும் பக்கம் அமைக்கும் பையனும்.

கடைசி அத்தியாயம். நாடிழந்த அரசன் கந்தல் உடுத்தி, மழையில் நனைந்து வீரனின் கதவைத் தட்டுகிறான். வீரனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அக்கா படித்தார்: "வீரன் கதவைத் திறந்து, 'ஏய் கிழவா, உள்ளே வா' என்றான். அரசன் கண் கலங்கினான். 'என் அரண்மனையில் என்னை அழைத்த அதே சொல்லால் இன்றும் அழைக்கிறாயே' என்றான்."

பையன் களுக்கென்று சிரித்தான்.

"அரண்மனையிலயும் ஏய் கிழவான்னுதான் கூப்பிட்டானாக்கும்!" என்றார் அக்கா. "சார், நீங்க கடைசி வரைக்கும் படிக்கவே இல்லையா?"

முதலாளி முகம் சிவந்தது. "சரி, அந்த ஒரு இடத்துல மட்டும் ஐயா போட்டுக்கங்க."

அவள் எழுந்து நின்றாள். "முடியாது சார். ராஜான்னு வாசகருக்குத் தெரிஞ்ச இடத்துல மட்டும் மரியாதை கொடுத்தா, அது மரியாதையே இல்ல. திருடனுக்கும் கொடுத்திருந்தாத்தான் ராஜா அழறதுக்கு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, எல்லா ஐயாவும் திரும்ப வரணும். இல்ல, என் தாளையெல்லாம் கட்டி எடுத்துட்டுப் போறேன். வேற இடம் கிடைக்கலைன்னா வீட்டுலயே இருக்கட்டும்."

"இத்தனை வருஷ உழைப்பும்மா."

"அதனாலதான் சொல்றேன்."

அவள் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். அக்கா பேனாவை மூடி மேசையில் வைத்தார். "எனக்கும் இதுக்கு மேல படிக்க வாய் வரல சார்."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கையை உதறினார். "போங்க, ஊர்ல இருக்கறவன் எல்லாம் ஐயாவாவே இருக்கட்டும்! விக்காம போனா என்கிட்ட வந்து அழக்கூடாது." பையனைப் பார்த்து, "பழையபடி மாத்துடா" என்றவர், ஏனோ ஒருகணம் நிறுத்தி, "மாத்துப்பா" என்றார்.

கடவுள் மனிதர்களை இப்படி ஓரெழுத்து ஓரெழுத்தாகத்தான் திருத்துகிறார் போலும்.

அன்று மாலை படியிறங்கியபோது வாசலில் அந்த நாற்காலி அவள் கண்ணில் பட்டது. அதே நாற்காலிதான். பின்னல் அறுந்து, நடுவில் அட்டையை வைத்து ஒப்பேற்றியிருந்தது. கதைக்குள் ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டிவிட்டு வந்தவளுக்கு, வாசலில் அந்தச் சொல்லை ஒருநாளும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

புத்தகம் வெளிவந்த வாரம், காவலாளி பின்கேட்டைப் பூட்டப் போன நேரம் பார்த்து, புது நாற்காலி ஒன்றை அவர் இடத்தில் கொண்டுவந்து போட்டாள். சாய்மானம் உள்ளது, அகலமானது. கையால் துடைத்தாள். சுற்றிலும் ஒருவரும் இல்லை.

"உட்காருங்க ஐயா" என்று வெறும் நாற்காலியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். நாளைக்கு நேரில் சொல்லும்போது வாய் தடுக்கக் கூடாது. பிறகு கதவைத் தானே திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள்.