வெங்காயம் ஏற்றிய பட்டாளத்து வண்டி

சந்தையில் அவரை எல்லோரும் பட்டாளம் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்தவர் இல்லை. இளவயதில் ஆள் எடுத்த இடத்தில் தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்; மீசையை மட்டும் விட்டுவைத்தார்கள். இப்போது வெங்காயக் கடை. நடத்துவது மனைவி, சந்தைக்கே அவள் அக்கா. பட்டாளம் கல்லாவுக்குப் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார்.

கடை வேன் படுத்துவிட்ட பிறகு, கிடங்கிலிருந்து மூட்டைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தது அக்காதான். பட்டாளத்துக்கு இடுப்புப் பிடிப்பாம். அவளுக்கோ வலது தோளைத் தூக்க முடியாமல், தலைகூட இடது கையால் சீவிக்கொண்டிருந்தாள். வண்டி ஒன்று வந்தால்தான் அந்தத் தோள் பிழைக்கும்.

ராணுவம் கழித்துக்கட்டிய பிக்கப்களை ஏலத்தில் எடுத்து விற்கும் வியாபாரியின் ஷெட்டுக்குப் போவோம் என்று அடம்பிடித்தவர் பட்டாளம். உள்ளே நுழையும்போதே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

முதல் வண்டியின் பானட்டில் அக்கா கை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது, முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி ஏமாற்றவில்லை. குனிந்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேஸிஸைத் தட்டினாள். துரு உதிரவில்லை. சாவியைத் திருப்பியதும் வண்டி புகையில்லாமல் கிளம்பியது. கால்மிதியைத் தூக்கினால் அடியில் வெங்காயச் சருகு.

“இது எந்தச் சண்டைக்குப் போச்சு?” என்றார் பட்டாளம்.

வியாபாரி தலையைச் சொறிந்தார். “சண்டைக்குன்னு இல்ல சார். முகாம் சமையல்கூடத்துக்கு வெங்காயம் ஏத்துன வண்டி.”

பட்டாளத்தின் முகம் தொங்கிவிட்டது. “வெங்காயம் ஏத்தவா ராணுவ வண்டி வாங்க வந்தோம்?”

“வேற எத ஏத்தப் போறோம்? பீரங்கியா?” என்றாள் அக்கா.

அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அதன் கதவில் ஒரு துளை.

“எல்லையில பட்ட குண்டு சார்” என்றார், ஆளை எடைபோட்டு முடித்திருந்த வியாபாரி. பட்டாளம் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. டயரில் வெடிப்பு ஓடியிருந்ததோ, அடியில் எண்ணெய் சொட்டி மண் கறுத்திருந்ததோ அந்தக் கண்ணில் படவில்லை.

அக்கா கண்ணில் எல்லாம் பட்டது. வரிசையில் நின்ற மற்ற இரண்டு வண்டிகளின் கதவிலும் அதே இடத்தில் அதே துளை. ஏதோ கம்பி மாட்டப் போட்டது.

“ரொம்ப ஒழுங்கான எதிரிதாங்க. எல்லா வண்டியிலயும் அளந்து பாத்துச் சுட்டிருக்கான்.”

“வீரத்தப் பத்தி உனக்கு என்ன தெரியும்? சும்மா இரு. இதத்தான் எடுக்கறோம்.”

வியாபாரியின் முன்னால் இப்படிச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பட்டாளம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, அடங்கியது.

“பேட்டரி கொஞ்சம் அசதியா இருக்கு சார். தள்ளுனா புடிச்சுக்கும்.”

“தள்ளு!” என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்தது.

பழக்கதோஷம், அவளும் பின்னால் போய்க் கை வைத்துவிட்டாள். அழுத்தியதும் தோளில் உயிர் போகிற மாதிரி வலித்தது. வண்டி இல்லாமல் தள்ளியது போதாதென்று வண்டி வாங்கியும் தள்ளவேண்டுமா? அவர் மேல் வந்ததைவிட, சொன்னதும் தள்ளப் போன தன் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகம் வந்தது. கையை எடுத்தாள்.

“வெங்காய வண்டி சாவியக் குடுங்க” என்றாள். பணம் அவள் கைப்பையில் இருந்ததால் வியாபாரிக்குக் குண்டு, எல்லை எல்லாம் உடனே மறந்துபோயிற்று.

பட்டாளத்தின் வண்டியில் பின்னால் பார்க்கும் கண்ணாடி எதுவும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “இன்னும் வேகமா! விடாத, தள்ளு!” என்று கத்திக்கொண்டே இருந்தார். அக்கா ஓட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினாள்.

“ஏங்க, ஏறுறீங்களா? பின்னாடி எடம் இருக்கு.”

அவர் முன் சீட்டைப் பார்த்தார். அதில் அவள் கைப்பை இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.