விளக்கு எரியும் முன்னே திரும்பிய கால்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொண்டே கேளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இன்று ஒரு முழங்காலின் கதை சொல்கிறேன்.

ஜன்னல் இல்லாத நீளமான அறை ஒன்று. சுவரெல்லாம் கேமரா. தரையில் ஓர் இரும்புத் தட்டு; அதில் கால் பட்டால் எவ்வளவு பாரம், எந்தப் பக்கம் என்று கணினி சொல்லிவிடும். அங்கே ஓர் அளப்பவள் இருந்தாள். ஆட்டக்காரர்களின் இடுப்பிலும் முட்டியிலும் கோலிக்குண்டு போலப் பளபளக்கும் உருண்டைகளைக் கேமராவுக்கு அடையாளமாக ஒட்டுவது அவள் வேலை. ஒட்டுவதைவிடப் பிய்ப்பதுதான் கொடுமை. வியர்வையில் ஊறிய பிளாஸ்திரியோடு ரோமமும் அழுக்கும் சுருண்டு வரும். பதினொரு வருஷத்தில் அந்த அருவருப்பு அவளுக்கு மரத்துப்போயிருந்தது.

அன்று வந்தவள் அவளுடைய நாத்தனார். கூடைப்பந்துக்காரி. துள்ளுகிற துள்ளலுக்கு வீட்டில் வெட்டுக்கிளி என்றே பேர். போன வருஷம் இடது முட்டியின் தசைநார் அறுந்து தைத்திருந்தார்கள். கூட்டி வந்தவன் அளப்பவளின் புருஷன். வெட்டுக்கிளிக்கு அண்ணனும் அவனே, பயிற்சியாளனும் அவனே. சனிக்கிழமை இறுதி ஆட்டம். முட்டி தேறியது என்று அளப்பவள் கையெழுத்துப் போட்டால்தான் இறங்கலாம். மறுபடி அறுந்தால் தைக்க மிச்சம் இருக்காது என்று வைத்தியர் முன்பே சொல்லிவிட்டார்.

பெட்டியிலிருந்து குதித்து எம்பியதில் குறையில்லை. அடுத்து, ஓடிவந்து இடது காலைத் தட்டில் ஊன்ற வேண்டும். எதிரே பச்சை விளக்கு எரிந்தால் வலப்பக்கம் வெட்டித் திரும்ப வேண்டும். சிவப்பென்றால் நேரே ஓட வேண்டும். விளக்கு கடைசி அடியில்தான் எரியும். ஆட்டத்தில் எதிராளி சொல்லிவிட்டா வருகிறாள்? தெரிந்து திரும்புகிற முட்டி வேறு, திடுக்கிட்டுத் திரும்புகிற முட்டி வேறு.

"உதவிக்கு ஆள் வரலையா? சுவிட்ச நான் அமுக்குறேன்" என்று புருஷன் விளக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

பத்து ஓட்டம். முட்டி தூண் மாதிரி நின்றது. அளப்பவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். பச்சைக்கு மட்டும், விளக்கு எரிவதற்கு முன்பே வெட்டுக்கிளியின் தோள் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம். ஒவ்வொரு பச்சைக்கும் அப்படியே.

கேமராவில் புருஷனின் முகத்தைப் பெரிதாக்கினாள். பச்சைக்கு முன்னால் வலது கன்னம் புடைத்தது. சிவப்புக்கு முன்னால் புடைக்கவில்லை.

"வாய்ல என்னங்க?"

"சூயிங்கம். அதுக்கும் மிஷின் வெச்சிருக்கியா?"

"அவ விளக்கப் பாக்கல. உங்க கன்னத்தப் பாக்குறா."

அவன் சிரித்தான். பல்லிடுக்கில் அந்த ரோஜா நிற உருண்டை எச்சிலோடு மினுங்கியது. "நம்ம வீட்டுப் பொண்ணுடி. ஒரே ஒரு ஆட்டம். கண்ண மூடிட்டு ஒரு கையெழுத்து."

"பொண்ணு நம்ம வீட்டுப் பொண்ணுன்னா, முட்டி மட்டும் யார் வீட்டுதுங்க?"

வெட்டுக்கிளி தலை குனிந்தாள். "நீங்கதான் தினமும் பாத்தீங்களே அண்ணி. சாப்பாட்டு மேஜைல ஒரு வாரமா இதத்தான் பழகினோம்."

ஒரு வாரமாகக் கன்னம் உப்ப உப்ப மென்றவனுக்குப் பல்வலி என்று நினைத்து, ராத்திரி தவறாமல் உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தவள் அவள். அவனும் மறுபேச்சில்லாமல் கொப்பளித்துத் துப்பினான்!

"சுவரப் பாத்து திரும்பி நில்லுங்க" என்று சுவிட்சைப் பிடுங்கினாள். "முக்கால் வேகம் போதும்டி, கண்ணு."

மூன்றாவது ஓட்டத்தில் பச்சை எரிந்தது. நனைந்த அட்டை மாதிரி முட்டி உள்ளே மடங்கியது. வெட்டுக்கிளி தடுமாறி நின்றாள்.

"அண்ணி, உள்ள போயிடுச்சு."

"அத அழிச்சிடு" என்றான் அவன், சுவரைப் பார்த்தபடியே.

அவள் அழிக்கவில்லை. இரண்டு பதிவையும் சேர்த்து, 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவன் வாயிலிருந்ததை எடுத்து அவள் மேஜையின் அடியில் அப்பிவிட்டுப் போனான்.

உருண்டைகளைப் பிய்க்கும்போது வெட்டுக்கிளி மூக்கை உறிஞ்சினாள். "என் மேல கோவமா அண்ணி?"

"இருக்கு. அதுக்காகக் கால ஆட்டாத."

பிறகு அளப்பவள் மேஜை அடியில் விரல் விட்டாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நூலாக இழுபட்டு விரலோடு வந்தது. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, கை கழுவ ஓடினாள்.

உங்கள் வீட்டில் எல்லார் முட்டியும் நேராக நிற்கட்டும் கண்ணுகளா. உங்கள் சாப்பாட்டு மேஜையில் மெல்லுவது சாப்பாடாக மட்டுமே இருக்கட்டும்.